மாவு ஓடுது

வால்பாறைக்கு எந்தச் சாமான் வந்தாலும் முதலில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்க வேண்டும். அது முடிந்தால் ஜூன் பிறந்ததும் பிடிக்கிற மழையைத் தாங்க வேண்டும். இரண்டிலும் தப்பினால் என் அம்மாவிடம் வந்து நிற்க வேண்டும். மூன்றாவதில் தேறியவை கொஞ்சம்தான்.

அம்மா கொழுந்து பறித்தவள். அப்பாவுக்கு ஃபேக்டரியில் டிரையர் வேலை. அம்மா பிறந்தது பொள்ளாச்சிப் பக்கத்துக் கோட்டூரில். அப்பாவின் ஆட்கள் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்க மலையேறி அங்கேயே தங்கிப்போனவர்கள். அவள் அவரை "ஏனுங்க" என்பாள், அவர் அவளை "ஏட்டி" என்பார். எஸ்டேட் லைனில் முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் அப்பா இறக்கிய தகரச் சாய்ப்பு. இவ்வளவுதான் வீடு.

எனக்கு நினைவு தெரிந்தபோது அந்த வீட்டில் இருந்த ஒரே சாதனம் அப்பாவின் பிலிப்ஸ் டிரான்சிஸ்டர். தோல் உறை, தோளில் மாட்ட ஒரு வார். அந்தக் காலத்தில் ரேடியோவுக்கும் லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் தபாலாபீஸில் பணம் கட்டிப் புத்தகத்தில் பதிந்து வர வேண்டும். ரேஷன் கார்டுக்கு அடுத்தபடி அப்பா பத்திரமாக வைத்திருந்த காகிதம் அதுதான். கோவை வானொலி 1966 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அப்பாவுக்கு இலங்கை வானொலிதான். கே.எஸ். ராஜாவின் குரல் வந்துவிட்டால் எதிர்வீட்டுக்காரர் குடையோடு வந்து வாசலில் நிற்பார். உள்ளே வாங்க என்றாலும் வர மாட்டார். காலில் அட்டை இருக்கும் என்ற கூச்சம்.

ரேடியோவின் திருகை அப்பா மட்டும்தான் தொடலாம். அம்மா சமையலறையில் இருந்தபடி சுவரைத் தாண்டி வருகிற பாட்டைக் கேட்பாள். அறிவிப்பாளர்களின் குரலை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்த ரேடியோவின் முகப்பில் முள் எங்கே நின்றால் எந்த ஸ்டேஷன் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கும் ரேடியோவுக்கும் நேரடி உறவு ஒன்று உண்டென்றால் அது பேட்டரி வழியாகத்தான். கட்டை தீர்ந்துபோனால் ஊரில் வெயிலில் காய வைப்பார்கள். இன்னும் ரெண்டு நாளைக்குப் பாடும். வால்பாறையில் வெயிலுக்கு எங்கே போவது? அப்பா நான்கு கட்டைகளையும் கொண்டுவந்து அடுப்புத் திண்டில் வரிசையாக நிறுத்துவார். "பாட்டுக் கேக்கறது நீங்க, சூடு காட்டறது நானுங்களா?" என்று அம்மா கேட்பாள். நியாயமான கேள்வி. அப்பா பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

லைனில் அப்போது கரண்ட் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்களைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பரம்பிக்குளம் ஆளியாறு திட்டத்தின் அணை, சுரங்கம், மின்நிலையம். சோலையாற்றில் 1971லேயே மின்சாரம் எடுத்தார்கள். எண்பதுகளில் கடம்பாறையில் மலையைக் குடைந்து உள்ளேயே 400 மெகாவாட் நிலையம் வைத்தார்கள். அது வித்தியாசமான நிலையம்: தேவை அதிகமுள்ள நேரத்தில் மேலணைத் தண்ணீரை இறக்கி மின்சாரம் எடுக்கும், ராத்திரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கொண்டே அதே தண்ணீரை மறுபடி மேலே ஏற்றும். இதை அப்பா எங்களுக்கு விளக்கியபோது அம்மா மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். "எறக்குன தண்ணிய மறுக்கா ஏத்தறதுக்குக் கரண்ட்டு இருக்குது, நம்ம லைனுக்குத்தான் இல்லீங்களாக்கும்" என்றாள். மின்வாரியத்துக்கு வைத்த விமர்சனங்களில் அதைவிடச் சுருக்கமான ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.

கரண்ட் வந்தது. வந்ததும் அம்மா கேட்டது மிக்ஸியோ விசிறியோ இல்லை. துணி காய்வதற்கு ஏதாவது வழி.

மழைக்காலத்தில் துணி காய்வது என்பது மலையில் தனிப்பட்ட துன்பம். தமிழ்நாட்டிலேயே அதிகமாக மழை கொட்டுகிற சின்னக்கல்லாறு எங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். ஜூலையில் துவைத்த பாவாடை ஆகஸ்டில் காய்ந்தால் அதிர்ஷ்டம். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் துணி காயாது, புகையில் ஊறும். பள்ளிக்கூடச் சீருடைக்கு மட்டும் அம்மா ஒரு ஏற்பாடு வைத்திருந்தாள். அப்பாவின் ராத்திரி ஷிப்டுக்குச் சோற்றுத் தூக்கோடு ஒரு பை போகும். அதில் பிழிந்த சீருடை. ஃபேக்டரியில் டிரையர் நூறு டிகிரியை ஒட்டிய சூட்டுக் காற்றில் தூளை உலர்த்துகிற இயந்திரம். அதன் வெளித்தகடு பக்கத்தில் சூப்பர்வைசர் கண்ணில் படாத ஒரு கம்பி. விடிகாலையில் அப்பா வரும்போது சட்டை மொறுமொறுவென்று இருக்கும். வகுப்பில் எங்கள் பெஞ்சில் மட்டும் புது டீத்தூள் வாசனை அடிக்கும். எஸ்டேட் முதலாளிகள் எத்தனையோ லட்சம் போட்டு இறக்கிய இயந்திரங்களில் அம்மா வாயாரப் புகழ்ந்தது அந்த ஒன்றைத்தான். "அது மிசினு" என்பாள். மற்றதெல்லாம் பொட்டி.

பிற்பாடு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் பதில் மொய்யாக ஒரு மேசை விசிறி வந்தது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு வால்பாறையின் குளிர் புரிவதில்லை. அதைப் பார்த்ததும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அன்றைக்கே கொடியைத் தாழ இறக்கி, விசிறியைத் துணிக்கு நேரே திருப்பிவைத்தாள். மனிதர்களுக்காக அந்த விசிறி ஒரு நாளும் ஓடவில்லை. 

அதே மாதிரி ஒரு ஃப்ரிட்ஜும் வந்தது. பங்களாவில் கழித்துக் கட்டியதை ஏலத்தில் விட்டபோது அப்பா ஆசைப்பட்டு எடுத்தார். கம்ப்ரஸர் செத்துப்போன ஃப்ரிட்ஜ். வால்பாறையில் உயிரோடிருக்கும் ஃப்ரிட்ஜுக்கே பெரிய வேலை இல்லை, செத்ததை வைத்து என்ன செய்வது என்று லைனே கேட்டது. அம்மா அதற்குள்ளே ஒரு சின்ன பல்பைப் போடச் சொன்னாள். கதவைச் சாத்தினாலும் எரிகிற மாதிரி அப்பா ஒயர் இழுத்துக் கொடுத்தார். அந்த இளஞ்சூட்டில் ஈரம் நிற்காது. எங்கள் மதிப்பெண் சான்றிதழ்கள், ரேஷன் கார்டு, கல்யாண போட்டோ, பட்டுச்சேலை, அப்பாவின் கேசட்டுகள், உப்பு ஜாடி எல்லாம் அதற்குள் குடியேறின. லைனில் மற்ற வீடுகளில் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளை முகத்தில் பூஞ்சை ஏறியபோது எங்கள் வீட்டு மாப்பிள்ளை மட்டும் தெளிவாக இருந்தார். சூடு வைப்பதற்கென்று ஃப்ரிட்ஜ் வைத்திருந்தது எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

டிவியைப் பற்றிச் சொல்வதற்கு நிறைய இருப்பது போலத் தோன்றும். அம்மா பக்கமிருந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. சென்னையில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டில் தொடங்கினாலும், கொடைக்கானலில் உயர்சக்தி டவர் வந்த பிறகுதான், எண்பதுகளின் பிற்பாதியில், தென்தமிழ்நாட்டு மலைகளுக்கும் மூலைகளுக்கும் படம் எட்டிப் பார்த்தது. எங்களுக்குக் கொடைக்கானல் கிழக்கே. நடுவில் ஆனைமலையின் பெரிய முகடுகள். மேட்டு லைனில் இருந்த எங்களுக்குப் படம் விழுந்தது, நூறடி கீழே பள்ளத்து லைனில் வெறும் புள்ளி. அப்பா ஒரு டயனோரா கறுப்பு வெள்ளைப் பெட்டி வாங்கி, ஆன்டெனாவைச் சவுக்குக் கம்பில் கட்டி, காற்றடித்துத் திரும்பும்போதெல்லாம் கூரையேறினார். நான் வாசலில் நின்று "வருது... வருது... போச்சு" என்று கத்துவேன். குரங்குக் கூட்டம் வந்துபோன அன்றைக்கு ஆன்டெனாவின் குச்சிகள் நாலு பக்கமும் பார்க்கும்.

வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் என்றால் பள்ளத்து லைன் முழுக்க எங்கள் முன்னறைக்குள். ஞாயிறு காலை ராமாயணத்துக்கும் அப்படியே. இந்தி ஒருவருக்கும் தெரியாது என்பது ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை. அம்மாவுக்குத்தான் வேலை. ஆட்கள் வருவதற்கு முன் வாசலில் ஒரு கொட்டாங்கச்சியில் உப்பு வைப்பாள். வருகிறவர்கள் கால் விரல் இடுக்கில் தடவிக்கொண்டால் அட்டை விழும். சிலர் பாட்டு போய்விடுமே என்ற அவசரத்தில் தாண்டி வந்துவிடுவார்கள். சிவாஜி அழுதுகொண்டிருக்கும்போது கூட்டத்தின் நடுவில் யாராவது ஒரு பிள்ளை "அட்டை!" என்று துள்ளும். அம்மா உப்போடு ஓடுவாள். ரத்தமும் சேறும் பட்ட தரையைப் படம் முடிந்து கழுவுவாள். நடுவில் ஒரு தடவை எல்லோருக்கும் வரக்காப்பி. நிகழ்ச்சி முடிந்தால் பள்ளத்துப் பிள்ளைகளை இருட்டில் தனியே அனுப்ப முடியாது, சிறுத்தை பயம். அப்பாவோ அம்மாவோ எவரெடி டார்ச்சோடு கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும். அந்த வருஷங்களில் அம்மா ஒரு பாட்டையாவது முழுசாகப் பார்த்திருப்பாளா என்பது சந்தேகம்.

திருவிழாவுக்கு வாடகை வீடியோ டெக் எடுக்கிற பழக்கம் வந்தது. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூல் செய்து, டவுனிலிருந்து டெக்கும் கேசட்டும் எடுத்து வருவார்கள். ஒரே ராத்திரியில் மூன்று படம். முதல் படம் கிழவிகளுக்குச் சாமி படம், இரண்டாவது ரஜினி, மூன்றாவது எல்லோரும் தூங்கிய பிறகு தூங்காதவர்களுக்கு. ரெண்டாவது படத்துக்கும் மூன்றாவதுக்கும் இடையில் எங்கள் அடுப்பில் உப்புமா கிண்டப்படும். யார் கிண்டினார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

இனிமேல்தான் கிரைண்டர்.

அதற்கு முன் ஆட்டுக்கல்லைச் சொல்ல வேண்டும். வால்பாறையில் ஆட்டுக்கல் வேறு சாதி. டிசம்பர் காலையில் அதைத் தொட்டால் கை மரக்கும். எட்டு மணிக்கு மஸ்டரில் பேர் கொடுத்து, நாள் முழுக்க ஈரச்செடிக்குள் நின்று, கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனிகள் கறுத்து வெடித்திருக்கும். அந்த விரலோடு சாயங்காலம் குழவியைப் பிடிக்க வேண்டும். உளுந்து அந்த வெடிப்பில் ஏறினால் எரியும். அதனால் இட்லி எங்கள் வீட்டில் விசேஷப் பண்டம். அரைத்தாலும் குளிரில் மாவு புளிக்காது. எஸ்டேட்டில் கொடுத்த கம்பளியைச் சட்டிக்குச் சுற்றி, அணைந்த அடுப்போரம் ராத்திரி படுக்க வைப்பாள். விடிந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "இன்னும் எந்திரிக்கல கண்ணு, நாளைக்குத்தான்" என்பாள்.

மாவரைக்கிற கல்லை மோட்டாரில் கோர்த்தது கோயம்புத்தூர்க்காரர்கள்தான். 1955ல் பி. சபாபதி என்பவர் முதல் கிரைண்டரைச் செய்தார் என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட வரலாறு. மோட்டாருக்கு ஊரிலேயே ஆலைகள், கல்லுக்குப் பக்கத்தில் ஊத்துக்குளி, வேறெங்கே பிறக்கும்? பிறகு கோயமுத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கினார்கள். ஆனால் கீழே பிறந்த சாமான் பொள்ளாச்சியிலிருந்து அறுபத்துநான்கு கிலோமீட்டர் மேலே எங்கள் வீட்டுக்கு வர நாற்பது வருஷம் ஆயிற்று. ஒரு தீபாவளி போனஸில், கலர் டிவிதான் வாங்குவது என்று அப்பா முடிவு செய்திருந்த சமயம். பொள்ளாச்சியில் கடைக்குப் போன இருவரும் கிரைண்டரோடு வந்தார்கள். கடைக்குள் என்ன நடந்தது என்பதை அப்பா கடைசிவரை வெளியிடவில்லை.

பெரிய தரை கிரைண்டர். சட்டம், டிரம், மோட்டார் எல்லாம் பஸ் கூரையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு ஏறின. குழவிக்கல்லை மட்டும் அம்மா கூரைக்குக் கொடுக்கவில்லை. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஆளியாறு தாண்டி முதல் வளைவு வந்தாலே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்கிறவள் அவள். ஒன்பதாவது வளைவில், எல்லோரும் அணையைப் பார்க்க இறங்குகிற லோம்ஸ் வியூவில், அவள் வேறு காரணத்துக்காக இறங்குவது வழக்கம். அன்றைக்கு எலுமிச்சம்பழம் கையில் இல்லை, கை இரண்டும் கல்லின் மேல். அட்டகட்டி, வாட்டர்ஃபால், கவர்க்கல் மூடுபனி, ரொட்டிக்கடை, எல்லாம் தாண்டியும் வாந்தி வரவில்லை. "அத்தன கனத்த வவுத்து மேல வச்சா உள்ள இருக்கறது எப்புடி வெளிய வரும்" என்று பின்னால் அதற்கு அவளே விளக்கம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரைண்டர் நாள். சாயங்காலமானால் எல்லா வீட்டிலும் லைட்டைப் போட, வோல்டேஜ் இறங்கி டிரம் முக்கும். ஆகவே ரெண்டு மணி. முதலில் உளுந்து. ஊறிய உளுந்தைப் போட்டுச் சுவிட்சைத் தட்டினால் முதலில் கரகரவென்று ஒரு சத்தம். நாலைந்து கை தண்ணீர் தெளித்தபின் அந்தச் சத்தம் வழுக்கிக்கொண்டே தணியும். மாவு நுரைத்து மேலேறும்போது குழவி அதில் மிதக்கிற மாதிரி 'தளக் தளக்' என்று மாறும். அம்மா மாவைத் தொட்டுப் பார்ப்பதில்லை. காதிலேயே பதம் தெரியும். உளுந்துக்கு முக்கால் மணி, அரிசிக்கு இன்னொரு முக்கால் மணி. அவ்வளவு நேரமும் அவள் செய்ய வேண்டிய வேலை, அவ்வப்போது ஓரத்தில் ஒட்டியதை நனைந்த கையால் தள்ளிவிடுவது. அவ்வளவுதான். மணைக்கட்டையில் உட்கார்ந்து, ஒரு காலை நீட்டி, முதுகைச் சுவருக்குக் கொடுத்து, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வாள்.

அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அந்த நேரத்தில் யார் எதற்குக் கூப்பிட்டாலும் ஒரே பதில்: "மாவு ஓடுது." அப்பா காப்பி கேட்டால் மாவு ஓடுது. யூனியன் ஆள் சந்தா கேட்டு வந்தால் மாவு ஓடுது. நடுவில் விட்டுவிட்டு வந்தால் என்னவோ ஆகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள். ஒன்றும் ஆகாது என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஒரு மாதத்தில் பக்கத்து வீட்டு அக்காமார்கள் தங்கள் அரிசிச் சட்டியோடு வர ஆரம்பித்தார்கள். சாய்ப்பில் சட்டிகள் வரிசையில் நிற்கும், பெண்கள் சுற்றி உட்காருவார்கள். அங்கே ஒரு வசதி, கிரைண்டர் சத்தத்தில் நாலடி தள்ளி நிற்கிற ஆம்பிளைக்கு உள்ளே பேசுவது கேட்காது. யார் புருஷன் சம்பளத்தை எங்கே விட்டான், சீட்டு யாருக்கு விழுந்தது, எந்த மேஸ்திரி எடை போடும்போது எப்படிக் கழிக்கிறான், நிர்ணயித்த எடைக்கு மேல் கொழுந்து பறித்தால் காசு வருகிறதா என்று எல்லாம் அங்கேதான் பேசப்பட்டது. தேயிலை விலை விழுந்து, வேலை நாள் குறைந்து, ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் மூட்டை கட்டிய வருஷங்களில், யார் போகிறார்கள் என்ற சேதி முதலில் வந்ததும் அங்கேதான்.

கடைக்காரர் பொழுதுபோக்குச் சாதனம் என்று பில் போட்டுக் கொடுத்ததெல்லாம் அம்மாவுக்கு வேலை வைத்தன. வேலைக்கென்று வாங்கிய ஒன்றில்தான் அவள் பொழுது போக்கினாள்.

ரொம்பப் பிற்பாடு, 2006க்கு மேல் அரசாங்கத்தின் கலர் டிவி வந்தது. 2011க்குப் பிறகு அரசாங்க மிக்ஸியும் கிரைண்டரும் வந்தன. அந்தச் சின்ன கிரைண்டரை அம்மா பெட்டியைக்கூடப் பிரிக்காமல் என் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். டிவி விஷயம் அப்படி இல்லை. அது அவளை மாட்டிவிட்டது.

வால்பாறை மேட்டுநிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். தேயிலையும் காப்பியும், நடுநடுவே தப்பிய சோலைத் துண்டுகளும். சுற்றிலும் ஆனைமலைக் காடு. யானைகளுக்கு எங்கள் எஸ்டேட்டுகள் ஊடே நடந்து போவதைத் தவிர வழியில்லை. ராத்திரியில் அவை ரேஷன் கடைச் சுவரையும் சத்துணவுக் கூடத்துக் கதவையும் தள்ளி அரிசி, பருப்பு, உப்பு தின்னும். யானையைத் தேடிப்போய் மிதிபட்டவர்கள் குறைவு; அது அங்கே நிற்கிறது என்று தெரியாமல் பஸ் இறங்கி இருட்டில் நடந்து வந்து மாட்டியவர்கள்தான் அதிகம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவர் கூட்டத்தாரும் இதைக் கவனித்துத்தான் ஓர் ஏற்பாடு செய்தார்கள். சாயங்காலமானால் உள்ளூர் கேபிள் சேனலில் படத்துக்கு அடியில் எழுத்து ஓடும்: இன்றைக்கு யானை எந்த எஸ்டேட்டில், எந்தப் பக்கம். பிறகு 2011 வாக்கில் செல்போனுக்குச் செய்தி வந்தது. முக்கியமான இடங்களில் உயரக் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்து, யானை பக்கத்தில் இருந்தால் போனில் இருந்தே எரியவிட்டார்கள். அதற்காக ஆனந்தகுமாருக்கு 2015ல் விட்லி விருது கிடைத்தது. சாவுகள் குறைந்தன.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பேர் மட்டும் போடுவாள், அதுவும் சம்பளப் பட்டியலுக்காகக் கற்றது. அடியில் ஓடுகிற எழுத்தோ நிற்காது. தம்பி வீட்டில் இருந்தால் படித்துச் சொல்வான், ஷிப்டில் இருந்தால் யார் சொல்வது? அவள் தானாகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் எஸ்டேட்டின் பேரும், மேலும் கீழுமுள்ள இரண்டு எஸ்டேட்டுகளின் பேரும் எப்படி வளைந்து எப்படிச் சுழிந்து வரும் என்று மட்டும் கண்ணில் பிடித்துக்கொண்டாள். சீரியலில் யார் யாரை அறைந்தாலும் அவள் பார்வை அடிவரியில்தான் இருக்கும். அந்த மூன்றில் ஒன்று வந்துவிட்டால் எழுந்துவிடுவாள். அரிசி டிரம்மை முன்னறைக்கு உருட்டுவாள், உப்பு ஜாடியைப் பழைய ஃப்ரிட்ஜில் வைத்து அடைப்பாள், சாய்ப்பு லைட்டைப் போட்டுவைப்பாள், பள்ளத்து லைனுக்குக் குரல் கொடுப்பாள். ஊரெல்லாம் ஓய்ந்து உட்கார்ந்து பார்க்கிற டிவி அவளுக்கு ராத்திரிக் காவல் ஷிப்டு.

ஒரு தடவை எழுத்து ஓடியும் யானை வந்தது. கடைசி வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளி அரிசி மூட்டையை இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டு, போகிற போக்கில் எங்கள் சாய்ப்பின் தகரத்தை முதுகால் உரசிவிட்டுப் போனது. தகரமும் மரச்சட்டமும் கிரைண்டர் மேல் விழுந்தன. விடிந்ததும் அம்மா முதலில் குழவியைத்தான் தேடினாள். சட்டம் கோணியிருந்தது, டிரம்மின் விளிம்பு நெளிந்திருந்தது, கல் அப்படியே இருந்தது. அப்பா ஃபேக்டரி ஃபிட்டரைக் கூட்டிவந்து சட்டத்தை நிமிர்த்தினார். அதற்கப்புறம் ஒவ்வொரு சுற்றுக்கும் நெளிந்த இடத்தில் ஒரு 'டொக்' கேட்கும். அந்த டொக்குக்கு ஏற்பப் பேச்சை நிறுத்தி நிறுத்திப் பேசப் பெண்கள் பழகிக்கொண்டார்கள்.

அப்பா போன பிறகு அம்மாவுக்கு 58 ஆனது. வேலையிலிருந்து நின்றால் லைன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். தோட்டத்துச் சட்டம் அது. அங்கேயே பிறந்து வளர்ந்து கிழமானவர்களும் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு சமவெளியில் வாடகை வீடு தேடுவதுதான் வால்பாறையின் நடைமுறை. நான் அவளைக் கோயம்புத்தூர் சுந்தராபுரத்துக்குக் கூட்டிவந்தேன். மாடி வீடு. அந்தக் கிரைண்டர் வேண்டாம் என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டு மல்லிகாக்காவுக்கு அது போனது. ஃப்ரிட்ஜைப் பழைய இரும்புக்காரன் எடுத்துப் போனான். பல்பைக் கழற்றி அம்மா வைத்துக்கொண்டாள். டிரான்சிஸ்டர் எந்த இடமாற்றத்தில் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

என் வீட்டில் இருப்பது மேசைமேல் கிரைண்டர். இருபது நிமிஷத்தில் உளுந்தைப் பஞ்சாக்கிவிடும், சத்தமும் வராது. முதல் நாள் அம்மா மணைக்கட்டையைத் தேடி எடுத்துப் போட்டு, வெற்றிலையை மடித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி சுவிட்சை அணைத்துவிட்டாள். "ஆயிப்போச்சா? உக்காரறதுக்குள்ள முடிஞ்சு போவுதே, இதென்ன கெரகம்" என்றாள் அம்மா. கோவையில் இட்லி மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது என்பதை அவளிடம் சொல்ல எங்களுக்கு ரொம்ப நாள் தைரியம் வரவில்லை. இங்கே குளிர் இல்லாததால் மாவு ஒரே ராத்திரியில் பொங்கிச் சட்டியைத் தாண்டி வழிந்துவிடுகிறது. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை; அவசரப்பட்ட மாவு என்கிறாள்.

அவளுடைய பழைய போன் நம்பரை மாற்றவில்லை. அதனால் யானைச் செய்தி இன்னும் வருகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் குரலிலேயே சொல்கிற அழைப்பு. சாயங்காலம் டிவி ஓடிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் எல்லோரையும் கையமர்த்திவிட்டு, ஸ்பீக்கரில் போட்டு முழுசாகக் கேட்பாள். பிறகு மல்லிகாக்காவுக்குப் போன். "மேல் காட்டுல நிக்குதாம், அரிசிய உள்ள வச்சுட்டியா? பெல்ட்டு மாத்துனியா? டொக்கு இருக்குதா?" என்று தொடங்கினால் அரை மணி நேரம். இந்த நம்பரை எடுத்துவிடச் சொல்லட்டுமா, உனக்கு இங்கே எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினேன்.

போன வாரம் பேத்தி, "பாட்டி, இங்கெல்லாம் யானை வராதே, அப்புறம் ஏன் பின்கதவைப் பூட்டறே?" என்றாள். "மதுக்கரைக்கு வருதல்ல? இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று அம்மா மடக்கினாள். அது உண்மைதான். மதுக்கரைப் பக்கம் ரயில் தண்டவாளத்தில் யானைகள் அடிபடுவதைத் தடுக்க 2024ல் வனத்துறை செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை வைத்திருக்கிறது என்று பேத்தி தன் போனில் தேடி எடுத்து, படத்தையும் காட்டினாள். ராத்திரியிலும் தெரியுமாம், யானை என்று தானே கண்டுபிடிக்குமாம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கம்பத்தின் மேலிருந்த கேமராவை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கண்டுபுடிச்சுட்டு என்ன பண்ணும்? யாருக்காச்சும் போனு பண்ணிச் சொல்லுமா, இல்ல சும்மா பாத்துட்டே இருக்குமா?" என்றாள்.